திருப்பூவனூர் இளவரசி எத்தனை ஆட்டம் வென்றாள்?

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையில், பாமணி ஆற்றங்கரையில் இருக்கிறது திருப்பூவனூர். அப்பர் பாடிய தலம். சுவாமியின் பெயர் சதுரங்க வல்லபநாதர். அந்தப் பெயருக்குத் தலபுராணம் ஒரு கதை சொல்கிறது. நெல்லைச் சீமையை ஆண்ட வசுசேனனுக்கும் காந்திமதிக்கும் பிள்ளை இல்லை. தாமிரபரணியில் தாமரைமேல் கிடைத்த சங்கு அவர்கள் கையில் பெண் குழந்தையாகிறது. ராஜராஜேஸ்வரி என்று பெயரிட்டு வளர்க்கிறார்கள். சாமுண்டி செவிலித்தாயாக வருகிறாள். பெண் சதுரங்கத்தில் தேர்ந்தவளாகிறாள். அவளைத் தோற்கடிப்பவனுக்கே அவளைக் கட்டிக்கொடுப்பது என்று ராஜா அறிவிக்கிறான். யாராலும் முடியவில்லை. தலயாத்திரையாகப் பூவனூர் வந்த இடத்தில் ஒரு முதியவர் ஆட்டத்துக்கு அழைத்து அவளை வெல்கிறார், வந்தவர் சிவன். 2022 ஜூலை 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட்டைத் தொடங்கி வைத்த பிரதமர் இந்தக் கோயிலைக் குறிப்பிட்டார். அதுவரை பாடல் பெற்ற தலங்களைத் தேடிப் போகிறவர்கள் மட்டும் அறிந்திருந்த ஊர் நாடு முழுக்கச் செய்தியானது. விசுவநாதன் ஆனந்த் 1969 டிசம்பர் 11இல் பிறந்தது மயிலாடுதுறையில். கிராண்ட்மாஸ்டர் பாஸ்கரன் அதிபன் பிறந்தது நாகப்பட்டினத்தில். கோயிலையும் இந்த இரண்டு பிறப்பையும் சேர்த்துவைத்து, சதுரங்கம் காவிரிப் படுகையின் மண்ணிலேயே ஊறியது என்று பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் இந்திய அணி உலகத்தை ஆளும் அணியானது எப்படி என்பதற்கு இதில் விடை இல்லை. விடை எண்களில் இருக்கிறது. அந்த எண்கள் இருப்பதற்குக் காரணம் யாரோ ஆட்டங்களை எழுதி வைத்தார்கள் என்பதுதான்.

இளவரசியிடமிருந்தே தொடங்கலாம். தோல்வியே காணாதவள், கடைசியில் ஒரே ஒரு தோல்வி. ஆட்டக்காரியின் கணக்காக இதைவிடப் பளபளப்பான கணக்கு கிடையாது. ஆனால் புள்ளியியல் தெரிந்தவர் கேட்கும் முதல் கேள்வி, எதிரே உட்கார்ந்தவர்கள் யார் என்பது. நூறு பேரை வென்றவள், அந்த நூறு பேருக்கும் காய் நகர்த்த மட்டுமே தெரியும் என்றால், நாம் அவளைப் பற்றி அறிந்தது சொற்பம். இந்தச் சிக்கலுக்கு வழி கண்டவர் ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் கற்பித்த ஆர்பாத் ஈலோ. அவருடைய முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1970இல் ஏற்றது. அதன் அடிப்படை எளிது. இரண்டு பேருடைய ரேட்டிங்குக்கு இடையிலான வித்தியாசமே யார் எவ்வளவு எடுக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பைச் சொல்லிவிடும். வித்தியாசம் 200 என்றால் வலுவானவர் நான்கு ஆட்டத்தில் மூன்று புள்ளி எடுப்பார் என்று கொள்ளலாம். 400 என்றால் பதினொன்றில் பத்து. எதிர்பார்த்ததைவிடக் கூட எடுத்தால் ரேட்டிங் ஏறும், குறைந்தால் இறங்கும். தன்னைவிட மிகச் சிறியவரை எத்தனை முறை வென்றாலும் பெரிதாக ஏறாது. திருப்பூவனூர் இளவரசிக்கு இந்தக் கணக்கைப் போட முடியாததற்கு அவள் புராணப் பாத்திரம் என்பது மட்டும் காரணமல்ல. அந்தக் காலத்தில் உண்மையிலேயே ஆடிய மனிதர்களுக்கும் நம்மால் போட முடியாது.

இத்தனைக்கும் கணக்கெழுதத் தெரியாத பூமி அல்ல இது. தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில், தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரையும் தெருவும் சிறகும் வீட்டு வரிசையும் சொல்லி, பெயர் பெயராக வெட்டி வைத்திருக்கிறான் முதலாம் ராஜராஜன். ஒருத்திக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல், அளப்பது ஆடவல்லான் என்னும் மரக்காலால். நிலத்தை வேலியில் தொடங்கி மாவும் காணியும் முந்திரியும் வரை, கண்ணுக்குத் தெரியாத பின்னம் வரைக்கும் அளந்து எழுதியவர்கள் இவர்கள். அதே கோயில்களின் கல்தளத்தில் ஆடுபுலிக் கட்டங்களும் தாயக் கட்டங்களும் கீறப்பட்டிருப்பதை இன்றும் பார்க்கலாம். கட்டம் இருக்கிறது, யார் யாரை வென்றார் என்பது இல்லை. நெல்லுக்கு வரி இருந்தது, எழுதினார்கள். ஆட்டம் பொழுதுபோக்கு, எழுதவில்லை. இதைக் குறையாகச் சொல்லத் தேவையில்லை, ஆனால் விளைவு பெரியது. எழுதப்படாத ஆட்டத்தை அடுத்த தலைமுறை படித்துத் தேற முடியாது. ஒவ்வொருவரும் பழைய தவறுகளைத் தாமே ஒருமுறை செய்துதான் கற்க வேண்டும்.

விதிகளும் ஒரு தடையாக இருந்தன. நாட்டுச் சதுரங்கத்தில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். ராஜா ஒருமுறை மட்டும் குதிரைபோலத் தாண்டலாம். கடைசிக் கட்டத்தை அடைந்த சிப்பாய், அந்த வரிசைக்குரிய காயாகத்தான் மாறும். ஊருக்கு ஊர் சின்னச் சின்ன வேறுபாடுகள் வேறு. திருவேங்கடாசாரிய சாஸ்திரி சமஸ்கிருதத்தில் எழுதிய சதுரங்கப் புதிர்கள் 1814இல் பம்பாயில் ஆங்கிலத்தில் அச்சானபோது, ஐரோப்பிய ஆட்டமுறைக்கு ஏற்ப மாற்றப்பட்டவை என்று தலைப்பிலேயே சொல்ல வேண்டியிருந்தது. 1829இல் மதராஸில் குலாம் காசிமும் ஜேம்ஸ் காக்ரேனும் சேர்ந்து ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். மூசியோ கேம்பிட் என்னும் தொடக்கத்தின் அலசல் அது. கூடவே மதராஸுக்கும் ஹைதராபாத்துக்கும் இடையே நடந்த இரண்டு ஆட்டங்களின் நகர்வுகளும் அச்சாகின. என் பார்வையில் தமிழ்நாட்டுச் சதுரங்க வரலாற்றின் தொடக்கப் புள்ளியாக வைக்கத் தகுந்தது இந்தப் புத்தகம்தான். இரு நூற்றாண்டு கழித்தும் ஒருவர் பலகையை எடுத்து அந்த ஆட்டத்தை முதல் நகர்விலிருந்து ஆடிப் பார்த்து, எங்கே பிழை என்று காட்ட முடியும். பூவனூர் ஆட்டத்தில் முதியவர் முதலில் எந்தக் காயைத் தொட்டார் என்று எந்தக் குருக்களாலும் சொல்ல முடியாது.

அதற்குப் பின்னும் நெடுங்காலம் எதுவும் நடக்கவில்லை. நகர்ந்தது மானுவல் ஆரோன் வந்த பிறகுதான். பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த அவர் 1959க்கும் 1981க்கும் இடையே ஒன்பது முறை தேசிய சாம்பியன். 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர். 1962இல் ஸ்டாக்ஹோமில் போர்ட்டிஷையும் ஊல்மனையும் வென்றவர். ஆனால் அந்த வெற்றிகளைவிட நீண்ட பயன் தந்தது, 1972இல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் அவர் முன்னின்று தொடங்கிய தால் செஸ் கிளப். அங்கே பலகை இருந்தது, கடிகாரம் இருந்தது, சோவியத் நாட்டுச் சதுரங்கப் புத்தகங்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, தோற்றால் மறுபடி வந்து ஆடுவதற்கு ஆள் இருந்தது. போட்டி ஆட்டத்தில் ஸ்கோர் ஷீட் எழுதியாக வேண்டும். இரண்டு பத்தி, இடப்பக்கம் வெள்ளை, வலப்பக்கம் கறுப்பு, ஒவ்வொரு நகர்வும் ஒரு வரி, முடிவில் இருவர் கையெழுத்து. ராஜராஜனின் ஓலை எழுதுபவர்கள் நெல்லுக்குச் செய்ததைப் பத்து வயதுப் பையன்கள் தங்கள் ஆட்டத்துக்குச் செய்யத் தொடங்கினார்கள். அம்மா சுசீலாவிடம் ஆறு வயதில் காய் நகர்த்தக் கற்ற ஆனந்த் இந்தக் கிளப்புக்கு வந்து சேர்ந்தவர். தந்தை தெற்கு ரயில்வே அதிகாரி. அவர் வேலையை ஒட்டிக் குடும்பம் மணிலாவுக்குப் போனபோது அங்கே தொலைக்காட்சியில் வந்த புதிர்ப் போட்டிகளிலும் பையன் பழகினான். ஆக, மயிலாடுதுறை அவருக்குப் பிறப்புச் சான்றிதழைக் கொடுத்தது. ஆட்டத்தைக் கொடுத்தவை வீடும் சென்னையும் மணிலாவும்.

ஆனந்தின் எண்கள் எல்லோரும் அறிந்தவை. 1983 தேசிய சப்ஜூனியரில் ஒன்பதுக்கு ஒன்பது, 1987இல் உலக ஜூனியர் பட்டம், 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர், 2000இல் ஃபிடே உலகப் பட்டம், 2007 முதல் 2013 வரை அசைக்க முடியாத உலக சாம்பியன், உச்ச ரேட்டிங் 2817. 1986இலிருந்து 2023 செப்டம்பர் வரை, முப்பத்தேழு ஆண்டு, இந்தியாவின் முதலிடம் அவருடையது. எந்த நாட்டிலும் எந்த விளையாட்டிலும் இப்படி ஒருவர் நீடிப்பது அபூர்வம். ஆனால் அதே எண்ணைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தால் சங்கடமான செய்தி ஒன்று தெரியும். முப்பத்தேழு ஆண்டு ஒருவரே முதலிடத்தில் இருந்தார் என்றால், அத்தனை காலமும் அவரைத் தாண்ட ஒருவர்கூட வரவில்லை. 1988இலிருந்து 1997 முடிய, ஆனந்த் உலகின் முன்னணி வீரர்களில் ஒருவராக உயர்ந்த அந்தப் பத்தாண்டில், இந்தியாவின் கிராண்ட்மாஸ்டர்கள் அவரையும் சேர்த்து மூன்றே பேர்: ஆனந்த், திவ்யேந்து பரூவா, பிரவீண் திப்சே. அவர் உலக சாம்பியனாக இருந்த 2007–2013 காலத்தில் ஒலிம்பியாட் பொதுப்பிரிவில் இந்தியாவுக்குப் பதக்கமே கிடையாது. அவர் அந்த ஒலிம்பியாட்களில் ஆடவில்லை என்பது உண்மை. ஆனால் முதல் பதக்கமான 2014 டிராம்சோ வெண்கலமும் அவர் இல்லாமல்தான் வந்தது. அந்த அணியில் சசிகிரண், சேதுராமன், நாகப்பட்டினத்து அதிபன் என மூன்று தமிழர்கள் இருந்தார்கள். நட்சத்திரம் ஓரிடத்திலும் அணி வேறிடத்திலும் இருந்த காலம் அது.

இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த விதத்தை அளக்க இரண்டு ஒலிம்பியாட்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். 2022இல் மாமல்லபுரத்தில் போட்டியை நடத்திய நாடு என்ற முறையில் இந்தியா மூன்று அணிகளை இறக்கியது. இரண்டாம் அணியில் குகேஷ், நிஹால் சரின், பிரக்ஞானந்தா, ரோனக் சாத்வானி, அதிபன், பயிற்சியாளர் ஆர்.பி. ரமேஷ். தரவரிசையில் பதினோராம் இடத்தில் தொடங்கிய இந்த அணி, முதல் அணியையே பின்தள்ளி வெண்கலம் வாங்கியது. பதினாறு வயது குகேஷ் முதல் எட்டு ஆட்டத்தையும் வென்றார். மொத்தம் 11க்கு 9, முதல் பலகைத் தங்கம். ஆனால் பத்தாம் சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரவுக்கு எதிராக வென்று கொண்டிருந்த ஆட்டத்தை அவர் நழுவவிட்டார். சுற்று 2–2. அந்த ஒரு ஆட்டம் மாறியிருந்தால் 3–1. கடைசியில் உஸ்பெகிஸ்தானும் ஆர்மேனியாவும் 19 புள்ளி, இந்திய இரண்டாம் அணி 18. ஒருவர் ஒரு பிற்பகலில் செய்த பிழை, தங்கத்துக்கான வாய்ப்பையே கொண்டுபோனது. எட்டு வெற்றியும் அவருடையதுதான், அந்த ஒரு சரிவும் அவருடையதுதான். அணி முழுக்க அவர் தோளில் தொங்கியது.

2024 புடாபெஸ்ட் வேறு கதை. 11 சுற்றில் பத்து வெற்றி, ஒரு டிரா, 22க்கு 21 புள்ளி. அடுத்து வந்த அணிகள் 17இல் நின்றன. தனி ஆட்டங்கள் 44. வென்றவை 27, டிரா 16, தோல்வி ஒன்றே ஒன்று. குகேஷ் 10க்கு 9. அவருடைய பெர்ஃபார்மன்ஸ் ரேட்டிங் 3056 என்று வந்தபோது உலகமே வாய்பிளந்தது. அந்த எண்ணைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. 90 சதவீதம் எடுத்தவருக்கு எதிரிகளின் சராசரியோடு 366ஐக் கூட்டச் சொல்கிறது ஃபிடே அட்டவணை. ஆக அவர் சந்தித்தவர்களின் சராசரி ஏறத்தாழ 2690. மூன்றாம் பலகையில் ஆடிய தெலங்கானாவின் அர்ஜுன் எரிகைசி 11க்கு 10 எடுத்தார். சதவீதத்தில் குகேஷைவிடச் சற்றுக் கூட. அவருடைய பெர்ஃபார்மன்ஸ் 2968. அதே அட்டவணைப்படி 383ஐக் கழித்தால் அவருடைய எதிரிகள் சராசரி 2585 அளவில் இருந்தார்கள். நூறு புள்ளிக்கு மேல் வித்தியாசம். போட்டி தொடங்கும்போது அர்ஜுனின் ரேட்டிங் 2778, குகேஷுடையது 2764. கூடுதல் ரேட்டிங் உள்ளவரை மூன்றாம் பலகையில் உட்காரவைத்தது தற்செயல் அல்ல. முதல் பலகையில் குகேஷ் மிகக் கடினமானவர்களைத் தாங்கிக்கொள்ள, மூன்றாம் பலகையில் அர்ஜுன் தமக்குச் சிறியவர்களை வரிசையாக வீழ்த்தினார். நடுவில் பிரக்ஞானந்தா ஆறு டிராவோடு அணைகட்டி நின்றார். 10க்கு 6 என்ற அவருடைய கணக்கைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் இதைக் கவனிக்கவில்லை.

இனி ஒரு கற்பனைக் கணக்கு. குகேஷ் வென்ற எட்டு ஆட்டத்தையும் டிரா என்று மாற்றிப் போடுவோம். நட்சத்திரம் வேண்டாம், தோற்காத சாதாரண வீரர் ஒருவர் போதும் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான சுற்றுகளில் எதுவும் மாறாது. நான்கு முழுப்புள்ளி மூன்றரை ஆகும், மூன்றரை மூன்றாகும், அணி வென்றுதான் இருக்கும். மாறுவது இரண்டே சுற்று. ஏழாம் சுற்றில் சீனாவுக்கு எதிரே அவர் வெய் யியை வென்றதால்தான் 2.5–1.5, அது 2–2 ஆகும். பத்தாம் சுற்றில் அமெரிக்காவின் கருவானாவை அவர் வென்றது போனால் அதுவும் 2–2. இந்தியா 19 புள்ளி, சீனாவும் அமெரிக்காவும் ஒவ்வொரு புள்ளி கூடி 18. தங்கம் இந்தியாவுக்கே. அர்ஜுனுடைய வெற்றிகளை மட்டும் இப்படி டிராவாக்கினால் இழப்பு இன்னும் குறைவு, ஒரே புள்ளி. இருவரையும் சேர்த்து எடுத்தால்தான் கட்டடம் சரிகிறது: அஜர்பைஜானோடு 2–2, சீனாவோடு 2–2, அமெரிக்காவிடம் தோல்வி, மொத்தம் 17, பதக்கத்துக்கு முட்டிமோதும் கூட்டத்தில் ஒன்றாக இந்தியா நிற்கும். 2022இல் ஒருவர் சறுக்கியதும் தங்கம் போனது. 2024இல் ஒருவரைக் கழித்தாலும் தங்கம் நின்றது. ஆளும் அணி என்று சொல்வதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

மறுப்புகள் உண்டு. ஒலிம்பியாட்டில் ஒரு சுற்றின் முடிவு மாறினால் அடுத்த சுற்றின் எதிராளியே மாறிவிடுவார். ஆகவே இப்படிக் கழித்துப் பார்ப்பது முழுக்கச் சரியல்ல என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புள்ளி குறைந்த அணிக்கு அமையும் எதிராளி பொதுவாக எளியவராகத்தான் இருப்பார், கடினமானவராக அல்ல; திருத்தம் வந்தாலும் என் பக்கம்தான் சாயும். பத்து ஆட்டம் சிறிய மாதிரி, அதை வைத்து எதையும் சொல்லக் கூடாது என்பது அடுத்தது. இதில் வலு அதிகம். 3056 குகேஷின் திறமை அல்ல, அந்தப் பத்து ஆட்டத்தின் வெப்பநிலை. போட்டி முடிந்து அக்டோபரில் வெளிவந்த பட்டியலில் அவருடைய ரேட்டிங் 2794தான். டிசம்பர் 12இல் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று பதினெட்டு வயதில் உலக சாம்பியனானபோதும் கணக்கு 7.5–6.5, மூன்று வெற்றி, இரண்டு தோல்வி, ஒன்பது டிரா. ஒரு நட்சத்திரத்தின் உச்ச எண்ணைப் பிடித்துக்கொண்டு அணியை விளக்க முடியாது என்பதற்கு இதுவே சாட்சி.

ஆனந்த் இல்லாமல் இது எதுவும் நடந்திருக்காது, நட்சத்திரமே காரணம் என்பது மூன்றாவது மறுப்பு. இதைத்தான் அதிகம் கேட்கிறோம். 2013இல் சென்னையில் ஆனந்த் கார்ல்சனிடம் பட்டத்தை இழந்த போட்டியைப் பார்த்த ஏழு வயதுப் பையன்தான் குகேஷ். 2020இல் தொடங்கிய ஆனந்தின் அகாடமியில் குகேஷும் பிரக்ஞானந்தாவும் வைஷாலியும் முதல் மாணவர்கள். இதையெல்லாம் யாரும் மறுக்க முடியாது. ஆனால் நட்சத்திரம் மட்டும் போதுமென்றால் 1988க்குப் பிந்தைய பத்தாண்டிலேயே கிராண்ட்மாஸ்டர்கள் குவிந்திருக்க வேண்டும். வந்தவர்கள் இரண்டு பேர். 2023 டிசம்பரில் வைஷாலி 84ஆவது கிராண்ட்மாஸ்டரானார். இந்த ஏற்றம் 2000க்குப் பிறகு நிகழ்ந்தது: உள்ளூரிலேயே ரேட்டிங் போட்டிகள் பெருகின, பள்ளிகள் சதுரங்கம் ஆடும் பிள்ளைகளுக்கு வருகைப் பதிவில் விட்டுக்கொடுத்தன, கணினி வந்து ஆசிரியர் இல்லாத ஊரிலும் பிழையைக் காட்டியது. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவின் மக்கள்தொகையில் தமிழ்நாட்டின் பங்கு ஏறத்தாழ 6 சதவீதம். கிராண்ட்மாஸ்டர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ரத்தத்தையோ மண்ணையோ சொல்லி இந்த வித்தியாசத்தை விளக்க முடியாது. அதே ரத்தமும் மண்ணும் ஆரோனுக்கு முன்னாலும் இருந்தன.

காவிரிப் படுகையின் உரிமையைப் பறிப்பது இந்த வாதத்தின் நோக்கமில்லை. ஆனந்தும் அதிபனும் இங்கே பிறந்தது உண்மை. ஆனால் இரண்டு பிறப்பை வைத்து எந்தப் புள்ளியியலும் கட்ட முடியாது. நெல் அளந்த பூமிக்கு ஆட்டத்தை அளக்கும் பழக்கம் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. வர முடியாத காரியமும் இல்லை. ஒரு பள்ளிக்கூட ஹால், ஐம்பது பலகை, ஐம்பது கடிகாரம், தகுதி பெற்ற ஒரு நடுவர் போதும். சதுரங்க வல்லபநாதர் சந்நிதிக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அர்ச்சனை முடித்த கையோடு ஒரு ஸ்கோர் ஷீட் புத்தகமும் வாங்கிக் கொடுங்கள். தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் ஆண்டு தவறாமல் ரேட்டிங் போட்டி நடத்தச் சொல்லி மாவட்டச் சங்கங்களைக் கேளுங்கள்.